பன்னிரண்டு மணிப் பக்கம்

ஆர்.கே.புரம், புது தில்லி
7-12-1997

அன்புள்ள ரூபிக்கு,

தாமஸ் எழுதுகிறேன். நான் சௌக்கியம். கெவினும் சௌக்கியம். போன வாரம் ரூர்க்கி ஹாஸ்டலிலிருந்து வந்தான். துவைக்க வேண்டியதையெல்லாம் போட்டுவிட்டு, பிரிட்ஜில் இருந்ததையெல்லாம் தின்றுவிட்டுப் போனான்.

இதை டெலிபோனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் பூத்துக்குப் போனேன். பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், பூத்துக்காரன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ‘சாப்பிட்டியா, அங்கே குளிரா’ என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். பிப்ரவரியில் நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா. செயலாளர் ராமசுப்ரமணியன் வீட்டுக்கே வந்துவிட்டார். “போன வருஷம் ஏதோ சாக்குச் சொல்லித் தப்பிச்சுட்டீங்க தாமஸ் சார். இந்த வருஷம் விடமாட்டேன். படம் யார் வேணா வரையலாம், ஆனா உங்க கலர் இருக்கே, அது தனி சார்!” என்றார். நான் வழக்கம்போல ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

பால்கனிக்கு எதிரில் நிற்கும் அரசமரத்தை, நீ கிளம்புவதற்கு முன் கேன்வாஸில் பென்சிலால் வரைந்து வைத்தேனே, நினைவிருக்கிறதா? இலைக்கு இலை நரம்பு வரைக்கும் கோடு போட்டாயிற்று. நிறம்தான் ஏறவில்லை. நீ சவூதிக்குப் போன நாளிலிருந்து பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. என் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒரே சேறு என்பது இந்த ஊரில் உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ரயில்வே வேலைக்கான பரிசோதனைக்குப் போனபோது அந்த டாக்டருக்குத் தெரிந்தது, அப்பாவுக்குத் தெரிந்தது. அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே, எந்த இலைக்கு எந்த நிறம், தட்டில் எதை எங்கே வைக்க வேண்டும் என்று எழுதி அனுப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன் இஷ்டம்.

அன்புடன்,
தாமஸ்

---

தம்மாம்
28-12-1997

என் அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கிடைத்தது. வாழ்த்து என்று ஒரு வரி இல்லை. அரசமரத்துக்கு ஒரு பத்தி, ராமசுப்ரமணியன் சாருக்கு ஒரு பத்தி, எனக்கு ‘உன் இஷ்டம்’. அந்த இரண்டு சொல்லைச் சொல்ல ஒரு ஏர்மெயில் தேவையா?

கிளம்புகிறபோதும் இதையேதான் சொன்னீர்கள். ‘போகாதே’ என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ‘போ’ என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். இரண்டுக்கும் வழியில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

சரி, அதை விடுங்கள். எழுத ஆரம்பித்தால் டியூட்டிக்கு நேரமாகிவிடும்.

‘உங்க கலர் தனி’யாமே! தலையை ஆட்டியிருப்பீர்கள். ‘அது என் பெண்டாட்டி சொல்கிற கலர்’ என்று ஒரு நாளாவது வாயைத் திறந்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் கண் விஷயம் வெளியே வரும், உங்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். இத்தனை வருஷம் கேட்கவில்லை, இப்போது மட்டும் என்ன?

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். அதே எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீலமும் மஞ்சளும் உங்களுக்கே தெரியும், அவற்றைத் தட்டில் வைக்க வேண்டாம். மற்ற டியூப்களின் மேல் பெயர் அச்சடித்திருக்கிறது, படித்துவிட்டுப் பிதுக்குங்கள். தட்டைக் கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்குக் கரும்பச்சை, அது முற்றிய இலைக்கு. மூன்று மணிக்குச் செம்பு நிறம், அது கொழுந்துக்கு. சிவப்பில் கொஞ்சம் மஞ்சளும் ஒரு பொட்டுப் பழுப்பும் சேர்த்துக் குழைத்தால் செம்பு வரும். ஆறு மணிக்கு அடர் பழுப்பு, மரத்தடியில் கிடக்கிற சருகுக்கு. ஒன்பது மணிக்கு இளம்பச்சை, கொழுந்து தாண்டியும் முற்றாமல் நிற்கிற இலைக்கு. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். நான் அங்கே உட்கார்ந்து ‘ம், மூணு மணி, ம், இப்ப ஒன்பது’ என்று சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே என் ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேரீச்சை மரம். வருஷம் முழுக்க ஒரே மாதிரி நிற்கிறது. தெருவில் இறங்கினால் எங்கள் எல்லோருக்கும் கறுப்பு அங்கிதான். நீங்களே எதிரில் வந்தாலும் நான் யாரென்று தெரியாமல் தாண்டிப் போய்விடுவீர்கள்.

தயவுசெய்து இந்த ஈஸ்டருக்குச் சேலை எடுத்து வைக்காதீர்கள். பீரோ நிறைய நீலம்தான். இருபது வருஷமாக நீலத்தைத் தவிர வேறொன்றை உங்கள் கை தொட்டதில்லை. என் தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட நீலம்! இங்கே எடுத்துவந்த ஒரே சேலையும் நீலம்தான், பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. குளிர் போனதும் பீரோவில் இருப்பதை ஒரு நாள் வெயிலில் காயப் போடுங்கள், பூச்சி அரிக்கும்.

ஏப்ரல் கடைசிக்குள் மேட்ரனுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

ரூபி

---

ஆர்.கே.புரம்
24-2-1998

அன்புள்ள ரூபிக்கு,

விழா முடிந்தது. படத்தின் போட்டோ ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். நீ எழுதியபடியே செய்தேன். டியூப்பைப் படித்து, தட்டில் மணிப்படி வைத்து முடித்து, பிரஷ்ஷை எடுத்தேனோ இல்லையோ, கேஸ்காரன் வந்துவிட்டான். “அங்கிள்ஜி, ஜல்தி கீஜியே” என்று, சீக்கிரம் வரச் சொல்லி மாடிப்படியே அதிரக் கத்தினான். தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு, சிலிண்டரை உருட்டி உள்ளே விட்டு, கை கழுவிக்கொண்டு வந்து ஆரம்பித்தேன். நாலைந்து ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. தினமும் தட்டின் மேல் ஈரத்துணி போட்டு மூடி அதே ஸ்டூலில் வைத்தேன். மறந்தும் நகர்த்தவில்லை.

ஆனால் படத்தில் என்னவோ ஆகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. யாரும் ‘கலர் தனி’ என்று சொல்லவில்லை. படத்துக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள், பேச்சு நின்றுபோகிறது, என்னைப் பார்க்கிறார்கள், தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். ஏதோ சாவு விழுந்த துஷ்டி வீட்டில் நிற்பது போலிருந்தது.

ராமசுப்ரமணியன் மைக்கைப் பிடித்து, “இத்தனை நாளா தாமஸ் சார் மரத்தை வரைஞ்சார். இந்த வருஷம் தன்னையே வரைஞ்சிருக்கார்!” என்றார். ஒரே கைதட்டல். நானும் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் ஆபீஸில் சிவஞானம் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், “ஏன்யா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வீட்ல ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டான். கீழ் வீட்டுச் சுந்தரவல்லி மாமி அன்றிலிருந்து தினமும் ரசம் கொடுத்தனுப்புகிறாள். “பாவம், மனசுக்குள்ளேயே வெச்சுண்டு இருந்திருக்கேளே! ரூபிய சீக்கிரம் வரச் சொல்லி எழுதுங்கோ” என்று வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சர்ச்சில் பிரிந்து வாடும் குடும்பங்களுக்காக ஜெபம் செய்தார்கள். போதகர் ஐயர் கண்ணை மூடிக்கொண்டுதான் ஜெபித்தார், ஆனாலும் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது.

நான் என்ன வரைந்து வைத்திருக்கிறேன், ரூபி? இதை யாரிடம் கேட்பேன்? பார்த்துச் சொல்.

தாமஸ்

---

தம்மாம்
14-3-1998

அத்தான்,

போட்டோவைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். இங்கே வந்த பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை. பக்கத்துக் கட்டில் மலையாளி சிஸ்டர் எழுந்து வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

நீங்கள் வரைந்திருப்பது என்ன தெரியுமா? கிளையில் நிற்கிற முற்றிய இலையெல்லாம் காய்ந்து கருகிய பழுப்பு. கீழே மண்ணில் கொட்டிக் கிடப்பதெல்லாம் பசேல் என்ற பச்சை இலை. செத்தது மரத்தில் இருக்கிறது, உயிரோடு இருப்பது தரையில் கிடக்கிறது. கொழுந்து வெளிறிப்போன பச்சை, நடுவில் நிற்பதெல்லாம் சிவப்பு. இந்த மரத்தைப் பார்த்தால் நானே உங்களுக்கு ரசம் கொடுத்தனுப்பியிருப்பேன்.

சிலிண்டர் உருட்டப் போகிற அவசரத்தில் தட்டை அரை வட்டம் திருப்பி வைத்துவிட்டீர்கள். கால் வட்டம் திரும்பியிருந்தால் அடர்த்தியும் வெளுப்பும் இடம் மாறியிருக்கும், உங்களுக்கே தெரிந்திருக்கும். அரை வட்டம் என்பதால் அடர்ந்த நிறத்தின் இடத்தில் அடர்ந்த நிறமே வந்தது, வெளிர் நிறத்தின் இடத்தில் வெளிர் நிறமே வந்தது. உங்கள் கண் என்ன செய்யும், பாவம்.

இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. அவ்வளவு விளக்கமாக எழுதினேனே, தட்டில் பன்னிரண்டு எந்தப் பக்கம் என்று எழுதினேனா? எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. இத்தனை வருஷமும் தட்டைப் பிடித்துக்கொண்டு உங்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவள் நான். பன்னிரண்டு என்பது நான் இருக்கிற பக்கம். நான் இல்லை, அதனால் தட்டுக்குத் தலையும் இல்லை காலும் இல்லை. இது மண்டையில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் அழுதேன். அந்த சிஸ்டர் மறுபடி எழுந்து வந்தாள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். இதற்கு ஆமாம் என்று பதில் எழுத முடியாது, அதற்காகத்தான் கேட்கிறேன். ஊரே உங்கள் படத்தைப் பார்த்து, பெண்டாட்டி இல்லாமல் வாடுகிறார் என்று சொல்கிறது. அது தட்டு திரும்பியதால் வந்த வாட்டம் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். நிஜத்தில் என்ன? நான் இல்லாமல் உங்களுக்குக் குறைவது நானா, நிறம் சொல்கிற வாயா? வாய் மட்டும்தான் என்றால் அதைக் கடிதத்திலேயே அனுப்பிவிடலாம். பன்னிரண்டு இருக்கிற இடத்தில் தட்டின் விளிம்பில் ஒரு நூலைக் கட்டிக்கொள்ளுங்கள், விஷயம் முடிந்தது. நானும் இங்கே இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வருகிறேன்.

‘உன் இஷ்டம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

அங்கே லீவில் வந்திருக்கிற எங்கள் ஆஸ்பத்திரி இருதயம்மாள் ஏப்ரல் முதல் வாரம் தில்லியிலிருந்து இங்கே திரும்புகிறாள். அவளிடம் பதில் கொடுத்தனுப்பினால் சீக்கிரம் கிடைக்கும்.

ரூபி

---

ஆர்.கே.புரம்
5-4-1998

ரூபி,

இருதயம்மாள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மாமி கொடுத்த ரசத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் போவதற்குள் முடித்தாக வேண்டும். உன் கடிதம் வந்த நாளிலிருந்து மனசுக்குள் இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் வேகமாக வரவில்லை.

முதலில் ராமசுப்ரமணியனிடம் போனேன். எனக்குச் சிவப்பு பச்சை தெரியாது, இத்தனை நாள் நீங்கள் பாராட்டியதெல்லாம் என் மனைவியின் நிறம், இந்தப் படத்தில் தட்டு திரும்பிவிட்டது என்று ஒன்று விடாமல் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க அடக்கம் இருக்கே சார், அது யாருக்கும் வராது” என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மனுஷர் நம்பவே இல்லை. சங்கத்தின் அறையில் மாட்டியிருந்த நம் பழைய படங்களைக் காட்டி, ‘இதில் கோடு நான், நிறம் ரூபி’ என்று அங்கே உட்கார்ந்திருந்த விழா மலர்க்குழு மொத்தத்துக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். இனி அவர்கள் பாடு.

இரண்டாவது, இருதயம்மாளின் கையில் கொடுத்தனுப்புகிற சுருள். சின்ன கேன்வாஸ். இதற்குத் தட்டும் இல்லை, மணியும் இல்லை. டியூப்பின் பெயர்கள் தெரியாதபடி காகிதம் சுற்றி ஒட்டிவிட்டேன். மரத்தடியில் ஓர் இலையைப் பொறுக்கி வந்து, சாயத்துக்குப் பக்கத்தில் வைத்து, என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகிற வரைக்கும் குழைத்தேன். எனக்கு எப்படித் தெரிகிறதோ அப்படி. உன் கண்ணுக்கு அது என்ன கண்றாவியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மார்ச்சில் அரசமரம் சிவக்கிறது என்பதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ போன பிறகு இரண்டு மார்ச் வந்து போயிற்று. மரம் சிவந்ததா இல்லையா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

மூன்றாவது, நீ கேட்ட கேள்வி. நீ சொன்னபடி போன ஞாயிறு உன் சேலைகளைப் பால்கனிக் கொடியில் காயப் போட்டேன். அதற்குப் பின்னால் மரம். மரம் முழுக்க ஒரே சேறு, அதில் எது கொழுந்து எது சருகு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. முன்னால் உன் சேலை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. படத்திலும் அப்படியே போட்டிருக்கிறேன்.

நாம் இந்த ஊருக்கு வந்த முதல் டிசம்பரில் சரோஜினி நகர் மார்க்கெட்டில் கூட்டத்தில் நீ தொலைந்துபோனாயே! நீ கட்டியிருந்தது கல்யாணத்துக்கு உன் அம்மா எடுத்த சிவப்புச் சேலை. எல்லோரும் சிவப்பு என்றார்கள். எனக்கு அந்தக் கூட்டமே ஒரே நிறம். உனக்கு ஹிந்தி தெரியாது, புது ஊர். கடைகடையாக ஓடி, பெண்பிள்ளைகள் முகத்தையெல்லாம் உற்றுப் பார்த்து, இரண்டு பேரிடம் திட்டும் வாங்கினேன். கடைசியில் நீதான் என்னைக் கண்டுபிடித்தாய். அடுத்த மாதச் சம்பளத்தில் ஒரு நீலச் சேலை எடுத்தேன். அன்றிலிருந்து நீலம்தான். ரசனை இல்லை என்று நீ சொல்லும்போதெல்லாம் ஆமாம் என்றேன். நீலம் ஒன்றுதான் என்னை ஏமாற்றாது, ரூபி. எந்தக் கூட்டத்திலும் நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நிறம் சொல்கிற வாய் இல்லாமல் என்னால் இருக்க முடியும். படம் வரையாமல் இருந்தால் போயிற்று. நீ இல்லாமல் முடியவில்லை. ‘உன் இஷ்டம்’ என்று எழுதிப் பழகிய கை, இதை எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டது. என் இஷ்டம் என்ன என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. என் இஷ்டம், நீ வந்துவிட வேண்டும்.

இருதயம்மாள் வாட்சைப் பார்க்கிறாள்.

தாமஸ்

---

தம்மாம்
19-4-1998

அத்தானுக்கு,

சுருளைப் பிரித்துக் கட்டிலுக்கு எதிரில் ஒட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்களெல்லாம் ‘மரம் ஏன் இப்படிச் சேறு பூசினாற்போல இருக்கிறது’ என்று கேட்கிறார்கள். அது எங்கள் வீட்டுக்காரர் பார்க்கிற மரம் என்கிறேன். யாருக்கும் புரியவில்லை, புரிய வேண்டாம்.

உங்களுக்கு எதெது தெரியாது என்று எனக்கு எல்லாம் அத்துப்படி. என்ன தெரிகிறது என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை. மார்ச் வந்தால் பால்கனியில் நின்றுகொண்டு, “இங்க வாங்க, மரம் எப்படிச் செவந்திருக்கு பாருங்க” என்று கத்துவேன். கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நிற்பீர்கள். “ஆமா ரூபி, நல்லாச் செவந்திருக்கு” என்பீர்கள். இந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டா அப்படிச் சொன்னீர்கள்? உங்கள் ஆமாமை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

படத்தில் நீலத்தைத் தொட்டுப் பார்த்தேன். சாயம் இன்னும் முழுக்கக் காயவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டும் நகக்கண்ணில் கொஞ்சம் நிற்கிறது. வார்டில் ஒரு பாட்டி அதைக் காட்டி அரபியில் ஏதோ கேட்டாள். சிரித்துவைத்தேன்.

நேற்று மேட்ரனிடம், ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் முகம் சுண்டிவிட்டது. ‘வீட்டில் என்ன அவசரம்?’ என்று கேட்டாள். ஒரு தட்டு பிடிக்க வேண்டியிருக்கிறது என்றேன்.

மே பதினேழாம் தேதி காலை தில்லியில் இறங்குகிறேன். கெவினைப் பரீட்சைக்குப் படிக்க விடுங்கள், நீங்கள் மட்டும் வந்தால் போதும். மாமியின் ரசத்தை நான் வந்து நிறுத்திக்கொள்கிறேன், அதுவரை வாங்கிக் குடியுங்கள். தட்டைத் தேய்த்துக் கழுவி வையுங்கள். அந்தப் பெரிய படத்தைச் சங்கத்துக்கே கொடுத்துவிடுங்கள். அவர்கள் இஷ்டப்படி துக்கப்பட்டுக்கொள்ளட்டும்.

ஏர்போர்ட்டில் எங்களைப் போல நூறு பேர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஒரே வாசல் வழியாக வருவோம். நீங்கள் ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்து மறுபடி யாரிடமும் திட்டு வாங்க வேண்டாம். கறுப்பு அங்கியை விமானத்திலேயே கழற்றிவிடுவேன். பெட்டிக்கு அடியில் கிடந்த சேலையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் நின்று நீலம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ரூபி